இருநூற்றுப் பத்து மீட்டர்

சேரப்பணஞ்சேரி
18.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி அமலன் எழுதிக்கொள்வது. நானும் ஷெர்லினும் இங்கே சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? ஷெர்லின் கொடுத்தனுப்பிய தைலம் வந்து சேர்ந்ததா?

சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, எனக்கு வயிறு பற்றி எரிகிறது. ஷெர்லினிடம் சொன்னால், "போதும்யா, ரசம் ஆறிப்போவுது" என்கிறாள். அதனால் நீ அகப்பட்டாய். அடைபட்ட கன்னியர் மடத்துக்குள் போய்ப் பதினெட்டு வருடம் ஆனாலும் என்னிடமிருந்து நீ தப்பிக்க முடியாது.

எங்கள் இன்சார்ஜ் காசிராஜன் சார் ஓய்வு பெற்றுவிட்டார். ஒரகடம் கம்பெனியில் டெலிபோன் பிரிவில் நான் பதினான்கு வருடம். அடுத்து அந்த நாற்காலி எனக்குத்தான் என்று கேன்டீன் மாஸ்டர் வரைக்கும் தெரியும். ஷெர்லின் கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் நாற்காலியில் ஒரு பெண். பெயர் ஜெர்சி. மார்த்தாண்டம் பக்கம். வயது இருபத்தேழு. பி.இ. படித்திருக்கிறாளாம். நான் டிப்ளமோ. அவ்வளவுதான் வித்தியாசம், முடிந்தது கதை. கேட்டில் செக்யூரிட்டி ஐயனார் என்னைப் பார்த்து, "இன்னா சார், உன் சீட்டு போச்சாமே?" என்கிறான். அவனுக்கு அதில் என்ன சந்தோஷமோ!

அந்தப் பெண் சும்மா இருக்கிறாளா என்றால் அதுவும் இல்லை. எதற்கெடுத்தாலும் கேள்வி. எலக்ட்ரீஷியனைக் கேட்கிறாள், ஸ்டோர் ஆளைக் கேட்கிறாள், ஐயனாரிடம் போய் "கேட்டுல இருந்து பெயிண்ட் ஷாப்புக்கு எத்தனை எட்டு நடக்கணும்ணே?" என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறாள். வாய் ஓய்வதில்லை. இதுகூடத் தெரியாதவளைத்தான் இன்சார்ஜ் என்று உட்கார வைத்திருக்கிறார்கள்.

எனக்காக ஜெபித்துக்கொள். நாற்காலி கிடைக்க இல்லை, இரவில் தூக்கம் வர.

தம்பி,
அமலன்

*

சிறுமலை அடிவாரம்
31.08.2024

அன்பு அமலா,

ஆண்டவர் அருளால் நலம். தைலம் வந்தது. பாதியைச் சமையலறைச் சகோதரி தடவிக்கொண்டாள், மீதி எனக்கு. ஷெர்லினுக்கு என் நன்றியைச் சொல்.

உன் கடிதத்தை மதர் முதலில் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுப்பார் என்பது உனக்கு ஞாபகம் இருக்கட்டும். இந்த முறை கொடுக்கும்போது, "உன் தம்பிக்குப் பொறாமை நன்றாக எழுத வருகிறது" என்றார். எனக்கு மானம் போயிற்று.

நீ நேற்றா பொறாமைப்பட ஆரம்பித்தாய்? நான் கோவிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்க வெள்ளைக் கவுன் தைத்தபோது, உனக்கும் கவுன் வேண்டும் என்று தரையில் உருண்டவன். ஐந்து வயதில். சமாளிக்க முடியாமல் அப்பா உனக்கும் ஒன்று மாட்டிவிட்டார். அந்தப் போட்டோ எங்கே?

ஒன்று சொல்கிறேன். தெரியாததைக் கேட்கிறவளைப் பற்றி நீ குறையாக எழுதியிருக்கிறாய். எனக்கு அது குறையாகப் படவில்லை. அவள் தங்கமா தகரமா என்று எனக்குத் தெரியாது. நீ சோறு தின்று தூங்கு.

உனக்காக ஜெபிக்கும்,
ரூத் அக்கா

*

சேரப்பணஞ்சேரி
22.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். மழை ஆரம்பித்துவிட்டது, ஒரகடம் ரோட்டில் கம்பெனி பஸ்கள் தண்ணீரில் மிதக்கின்றன. அந்தப் போட்டோவை நான் எப்போதோ கிழித்துவிட்டேன், தேடாதே.

இப்போது கேள் கூத்தை. புதிய பெயிண்ட் ஷாப் கட்டி முடித்துவிட்டார்கள். அங்கே ஒரு சின்ன எக்ஸ்சேஞ்ச், இங்கே மெயின் கட்டடத்தில் பெரியது. இரண்டையும் ஒரு டிஜிட்டல் சர்க்யூட்டால் இணைக்க வேண்டும். ஒரே கேபிளில் முப்பது பேர் ஒரே சமயத்தில் பேசலாம். நடுவில் இருநூற்றுப் பத்து மீட்டர். கண்ணாடி இழைக் கேபிளுக்கு அடுத்த வருடம்தான் அனுமதி, அதுவரை செம்புதான்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பேச்சு போக ஒரு ஜோடிக் கம்பி, வர ஒரு ஜோடி. கிளம்புகிற சிக்னல் பலமாக இருக்கும். இருநூற்றுப் பத்து மீட்டர் வந்து சேர்ந்தது இளைத்துப் போயிருக்கும். இரண்டு ஜோடியும் ஒரே உறைக்குள் ஒட்டிக்கொண்டு போனால் பலமானது இளைத்ததின் மேல் ஏறிவிடும். போதாததற்கு அதே தடத்தில் பெயிண்ட் ஷாப் மோட்டார்களின் பவர் கேபிளும் போகிறது. அந்த இரைச்சல் வேறு உள்ளே நுழையும். அதனால் ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாக அலுமினியத் தாள் சுற்றிய சாம்பல் நிறக் கேபிள்தான் போட வேண்டும். சென்னையிலிருந்து வர மூன்று வாரம் ஆகும். ஸ்டோரில் பெட்டி பெட்டியாகக் கிடப்பது கம்ப்யூட்டருக்குப் போடும் சாதாரண நீலக் கேபிள். பக்கத்து அறைக்கு அது போதும். இந்தத் தூரத்துக்கு ஆகாது. இதே தப்பைச் செய்து கேன்டீன் பிளாக்கில் நான் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவன்.

அம்மணி நீலத்தை எடுத்துவிட்டாள்! ஆயுத பூஜைக்குள் முடிக்க வேண்டும் என்று மேனேஜர் நம்பிராஜன் சார் கெடு வைத்திருக்கிறார், அதனால். பெட்டி ஸ்டோரிலிருந்து வெளியே போவதை நின்று பார்த்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காதவளுக்கு நான் ஏன் வலியப் போய்ச் சொல்ல வேண்டும்? பி.இ. படித்தவள் அல்லவா, பட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

அமலன்

*

சிறுமலை அடிவாரம்
04.10.2024

அன்பு அமலா,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

கேபிளைப் பற்றி நீ எழுதியது புரிந்தது. மதருக்கும் புரிந்தது. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம், எனக்கும் அதேதான். செக்யூரிட்டியிடம் போய் எத்தனை எட்டு என்று கேட்கிற பெண், பதினான்கு வருடம் கேபிள் இழுத்தவனை மட்டும் எப்படிக் கேட்காமல் விட்டாள்?

கேட்டாளோ இல்லையோ, பூஜைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. நீயே போய்ச் சொல்லிவிடு. வாய்க்கு என்ன வாடகையா?

ரூத் அக்கா

*

சேரப்பணஞ்சேரி
27.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். உன் கடிதம் பூஜைக்கு மறுநாள்தான் கைக்குக் கிடைத்தது. தபால்காரர் புதியவர், நம் தெருவைத் தேடிப் பிடிக்கவே அவருக்கு நாலு நாள் ஆகிறது. வீட்டுக் கூரை ஒழுகுவதைச் சரிசெய்துவிட்டேன்.

பூஜை அன்று கண்கொள்ளாக் காட்சி. எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. ஒரு மோட்டார்கூட ஓடவில்லை. பொரியும் சுண்டலும் ஒரு கையில், மீட்டர் ஒரு கையில் என்று ஜெர்சி சர்க்யூட்டைச் சோதித்தாள். நாலு மணி நேரம், ஒரு தவறுகூட வரவில்லை. நம்பிராஜன் சார் எல்லார் முன்னாலும் கைதட்டினார். "பாருய்யா, இருபது நாள்ல முடிச்சிட்டாங்க. நீங்களா இருந்தா தீபாவளி ஆயிருக்கும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நானும் கைதட்டினேன் அக்கா. உள்ளங்கை எரிந்தது.

மெஷின் தூங்குகிற நாளில் சோதித்தால் எந்தக் கேபிளும் பாஸாகும். திங்கட்கிழமை மோட்டார்கள் சுற்ற ஆரம்பித்ததும் போனில் கரகரப்பு. பேசிக்கொண்டிருக்கும்போதே அறுந்து போகிறது. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை சர்க்யூட் விழுந்து எழுகிறது. அவள் பிளக்கை மாற்றினாள், கார்டை மாற்றினாள், இரண்டு வாரமாக ஏணியும் கையுமாகத் திரிகிறாள். பூஜை அன்று பாஸான கேபிள் என்பதால் அதன் மேல் கை வைக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. பார்க்க எனக்கு இனித்தது என்று எழுதினால் மதர் என்ன சொல்வார்?

ஷெர்லின் உனக்கு ஊறுகாய் போட்டிருக்கிறாள்.

அமலன்

*

சிறுமலை அடிவாரம்
16.11.2024

அன்பு அமலா,

நலம். ஊறுகாய் வந்தது.

நான் கேட்டது கூரையைப் பற்றி இல்லை.

உனக்கு ஒன்று சொல்கிறேன். மதர் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். கோவிலில் திருப்பலிப் பூசைக்கான அப்பம் சுடும் வேலை எட்டு வருடம் என்னிடம் இருந்தது. முழங்காலைக் காரணம் காட்டி அதைச் சகோதரி ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த இரும்பு அச்சு சீக்கிரம் சூடேறிவிடும், இரண்டாவது ஈட்டுக்கு நெருப்பைத் தணிக்க வேண்டும். எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நான் வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். கருகிய வாசனை வந்தது. மகராசி சுடட்டும், இன்னும் கொஞ்சம் கருகட்டும் என்று நறுக்கிக்கொண்டே இருந்தேன். நூற்றுக்கும் மேல் வீண். நாற்பத்து நான்கு வயதுக் கன்னியாஸ்திரி! மூன்று நாள் கழித்துத்தான் போய்ச் சொன்னேன், அதுவும் சாப்பாடு இறங்காமல் போனதால்.

திருவருகைக் காலம் வருகிறது. கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது, எழுதவும் கூடாது, வாங்கவும் கூடாது. அதற்குள் அந்தப் பெண்ணிடம் பேசிவிடு.

ரூத் அக்கா

*

சேரப்பணஞ்சேரி
19.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்துகள். உடல் நலம்தானே? நாங்கள் நலம்.

இங்கே சில மாற்றங்கள். ஜனவரி எட்டாம் தேதி பகல் ஷிஃப்டில் பெயிண்ட் ஷாப்பில் ஒருவருக்குக் கன்வேயரில் கை மாட்டிக்கொண்டது. செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், தெரியுமே. சுவரில் உள்ள அவசரப் போனை எடுத்தால் சர்க்யூட் விழுந்து கிடக்கிறது. யாரோ கேட் வரை ஓடிப்போய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்பது நிமிடம் வீணாகிவிட்டது.

விசாரணை நடந்தது. சென்னையிலிருந்து வந்தவர் மீட்டரை வைத்தவுடன் கேபிள் தவறு என்று சொல்லிவிட்டார். என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். நம்பிராஜன் சார் ஜெர்சியிடம், "கேபிள் எடுக்குறதுக்கு முன்னாடி டிபார்ட்மென்ட்ல யாரையாவது கேட்டியாம்மா?" என்றார். அவள், "இல்ல சார். யாரையும் கேக்கல. என் முடிவாக்கும்" என்றாள். மறுநாளே வேலையை விட்டுவிட்டாள்.

இப்போது அந்த நாற்காலியில் நான். இந்தத் தடவை சாம்பல் கேபிளை ஒரே வாரத்தில் வரவழைத்துப் போட்டாயிற்று, சர்க்யூட் நன்றாக இருக்கிறது. ஷெர்லின் கோவிலில் மறுபடியும் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

வேறு விசேஷம் இல்லை.

அமலன்

*

சிறுமலை அடிவாரம்
05.02.2025

அன்பு அமலா,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்குத்தான் ஏதோ.

ஆறு மாதமாக வயிறெரிந்து கேட்ட நாற்காலி கிடைத்திருக்கிறது. அதற்கு ஒரு வரி. எங்கே உன் கூத்து, எங்கே உன் கும்மாளம்? இவ்வளவு அடக்கமாக நீ எழுதி நான் பார்த்ததே இல்லை. மதர் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கொடுத்தார்.

அடிபட்டது யாருக்கு? கை எப்படி இருக்கிறது?

இன்னொன்றும் கேட்கிறேன், நேராகவே. அவள் உன்னைக் கேட்டாள், இல்லையா?

மார்ச் ஐந்தாம் தேதி சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிறது. அதற்குப் பிறகு ஈஸ்டர் வரை எனக்குக் கடிதம் வராது. முன்னால் எழுது.

ரூத் அக்கா

*

சேரப்பணஞ்சேரி
27.02.2025

அக்கா,

கேட்டாள்.

செப்டம்பர் பதினெட்டாம் தேதி, டீ நேரத்தில். நீலக் கேபிளில் ஒரு முழத் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். "அண்ணே, இருநூத்திப் பத்து மீட்டர் ஆக்கும். இது போதுமாண்ணே?" என்றாள். துண்டை என் கையிலேயே கொடுத்தாள். நான் அதை இப்படி அப்படித் திருப்பிப் பார்த்தேன். பார்க்கவே தேவையில்லை, தெரியும். "தாராளமா போதும் மேடம்" என்றேன். மேடம் என்று நான் அவளைக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

உன் கடிதமும் பூஜைக்கு மறுநாள் வரவில்லை. ஒன்பதாம் தேதியே வந்தது. நீ என்ன எழுதியிருப்பாய் என்று தெரிந்ததால் பிரிக்காமல் அரிசி டின் மேல் வைத்திருந்தேன். தபால்காரர் பாவம், அவர் மேல் பழி போட்டேன்.

விசாரணையில் அவள் வாயைத் திறந்தபோது என் பெயர் வரப்போகிறது என்று உட்கார்ந்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "யாரையும் கேக்கல" என்று சொல்லிவிட்டாள். தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். அப்புறம் வீட்டுக்கு வந்து யோசித்தால், எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நன்றி அல்ல அக்கா, பொறாமை! என்னைக் காட்டிக்கொடுக்காமல் போனாளே, அவ்வளவு பெரிய மனது அவளுக்கு எங்கிருந்து வந்தது? படிப்பில் மேலே, பதவியில் மேலே, கடைசியில் குணத்திலும் என் தலைக்கு மேலே ஏறிப் போய்விட்டாளே என்று. நீயே சொல், இந்த நெஞ்சை எந்தக் குருவானவரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு ஒட்டவில்லை. திங்கட்கிழமை எல்லாவற்றையும் எழுதி நம்பிராஜன் சாரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "ஃபைல் மூடியாச்சுப்பா. உனக்கு சீட் வந்துச்சா? உக்காந்து வேலையப் பாப்பியா, சும்மா நோண்டிக்கினு" என்றார். வாங்க மாட்டேன் என்றார். மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஜெர்சிக்கும் கடிதம் போட்டிருக்கிறேன். அவள் ஊர் முகவரி பழைய ஃபைலில் இருந்தது. போன் பண்ண எனக்குத் தைரியம் இல்லை.

உன்னிடமிருந்து ஈஸ்டர் வரை பதில் வராது என்று தெரியும். ஒரு வகையில் நல்லதுதான், திட்டு தாமதமாக வரும். ஷெர்லினுக்கு எல்லாம் தெரியும். இரண்டு நாளாகச் சோறு மட்டும் போடுகிறாள்.

பாவி,
அமலன்

*

மார்த்தாண்டம்
24.03.2025

மதிப்புக்குரிய அமலன் அண்ணனுக்கு,

ஜெர்சி எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். உங்கள் வீட்டில் எல்லாரும் நலமாக இருக்கட்டும்.

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. போனில் சொல்லாமல் எழுதியது நல்லது. போன் என்றால் பாதியில் வைத்திருப்பேன். படித்துவிட்டு முதலில் கிழிக்கத்தான் போனேன். என்னைப் பெரிய மனதுக்காரி என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபிறகு கிழிக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை அண்ணே.

நீங்கள் "போதும் மேடம்" என்று சொன்னபோது என் முகத்தைப் பார்க்காமல் டீ கிளாஸைப் பார்த்துச் சொன்னீர்கள். சரியில்லை என்று அப்போதே எனக்குப் பட்டது. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். காசிராஜன் சாருக்குப் போன் பண்ணியிருக்கலாம். ஏன் செய்யவில்லை தெரியுமா? நான் சேர்ந்த நாளிலிருந்து யாரிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "அமலன் அண்ணனைக் கேளுங்க மேடம்." எலக்ட்ரீஷியன், ஸ்டோர், கேட்டில் ஐயனார் அண்ணன், எல்லாரும். நாற்காலியில் இருந்தது நான், பெயர் உங்களுக்கு. கேட்டுக் கேட்டு எனக்கு உங்கள் மேல் அத்தனை எரிச்சல். பொறாமைதான், வேறென்ன. உங்களைக் கேட்கக் கூடாது என்றுதான் ஊரையே கேட்டேன். முடியாமல் ஒரே ஒரு தடவை உங்களிடம் வந்தேன். இரண்டாவது தடவை வருவதற்குப் பதில் செத்துப்போகலாம் என்று வீம்பு. பூஜை அன்று மோட்டார் ஓடாது என்பதும் எனக்குத் தெரியாததா? பாஸாக வேண்டும் என்று ஆசைப்பட்டுச் சோதித்தேன்.

விசாரணையில் உங்களைக் காப்பாற்றவில்லை. யாரையும் கேட்கவில்லை என்று சொன்னது ஏன் என்றால், தப்பில்கூட உங்கள் பெயர் சேர்ந்து வருவது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

நம்பிராஜன் சார் போன் பண்ணினார். நீங்கள் எழுதிக் கொடுத்ததால் உங்களை நாற்காலியிலிருந்து எடுத்துவிட்டு, தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் போட்டுவிட்டார்களாம். நான் திரும்ப வரலாமாம். வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதம் நாலு பக்கம். உங்களைப் பற்றியும் என்னைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அடிபட்டவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நானும் விசாரணை முடியும் வரை அப்படித்தான் இருந்தேன். அவர் பெயர் பிரவீன். சாத்தான்குளம் பக்கம். காண்ட்ராக்ட் ஆள் என்பதால் கம்பெனியில் இருந்து யாரும் போய்ப் பார்க்கவில்லை. இரண்டு விரல் போய்விட்டது. இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஒன்றையாவது தைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். போன வாரம் போனில் கேட்டேன், ஊருக்குப் போகாமல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறார், கட்டு முழுவதும் பிரிக்காமல் அம்மா முகத்தில் விழிக்க மாட்டாராம். ஊருக்குக் கிளம்புமுன் நான் ஒருமுறை போனேன். நான் யார் என்று சொன்னேன். ஒன்றும் திட்டவில்லை, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அவர் தங்கியிருக்கும் அறை உங்கள் சேரப்பணஞ்சேரியில்தான், மாதா கோவிலுக்குப் பின்னால், உங்கள் வீட்டிலிருந்து நாலாவது தெரு. கூட இருப்பவர்கள் எல்லாரும் ஷிஃப்டுக்குப் போய்விடுவார்கள், பகலில் தனியாகத்தான் இருப்பார். போய்ப் பாருங்கள். கதவைத் தட்டிவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள் அண்ணே. அடிபட்டது வலது கை, தாழ்ப்பாளை எடுக்க அவருக்கு நேரமாகும்.

இப்படிக்கு,
ஜெர்சி